கம்பி முடியும் இடம்

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 அன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணைய நிறுவனம் தரும் ரவுட்டரைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இனி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நிறுவனத்தின் வலை, சுவரில் பதித்த சாக்கெட்டோடு முடிந்துவிடுகிறது. அதில் எந்தப் பெட்டியைச் செருகுவது என்பது வீட்டுக்காரரின் முடிவு. இணைப்புக்கு வேண்டிய லாகின் விவரங்களை, கேட்காமலே, காசு வாங்காமலே நிறுவனம் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்துக்காக ஐரோப்பிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2013 முதல் இயக்கம் நடத்தியது.

ஒரு பெட்டிக்குப் போய் சட்டமா என்று தோன்றலாம். மின்சாரத்தில் இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. மீட்டர் வரை ஈ.பி.யுடையது. அதைத் தாண்டினால் வயரிங், சுவிட்ச், ஃபேன் எல்லாம் நம்முடையவை. எந்தக் கம்பெனி ஃபேன் மாட்ட வேண்டும் என்று வாரியம் சொல்வதில்லை. இணையத்தில் மட்டும் அந்த மீட்டர் எது என்பதே தெளிவாக இல்லை. நிறுவனத்தார் வந்து ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டிக்குள், அவர்கள் பக்கத்து வேலையும் நம் பக்கத்து வேலையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் எதை மாற்றலாம், எதில் கை வைக்காமல் இருப்பது நல்லது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் ஒளி. நம் தெருக்களில் வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் இயங்குவது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் வகுத்த தரம் இது. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றைக் கண்ணாடி இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறு அமைப்பில் 32 அல்லது 64 கிளையாகப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் வேண்டாம். வந்த ஒளியைப் பங்கு போட்டு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. நிலையத்திலிருந்து 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் அதே ஒளி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. எதிர்வீட்டில் ஓடும் படத்தின் தரவும் உங்கள் பெட்டியின் வாசல் வரை வரத்தான் செய்கிறது. பெட்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது; மறையாக்கம் இருந்தால் அதைப் படிக்கவும் முடியாது. இத்தனை பங்கு போனபின் வீட்டை எட்டும் வெளிச்சம் எவ்வளவு? லைன்மேன் தன் மீட்டரைச் செருகி -20 டி.பி.எம். என்று காட்டினால், ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு என்று அர்த்தம். அது நல்ல சிக்னல். -27க்குக் கீழே இறங்கினால் தகராறு ஆரம்பிக்கும்.

திரும்பிப் போகும் பாதைதான் இதைவிட நுட்பமானது. 32 வீடுகளின் பெட்டிகளும் 1310 நானோமீட்டரில் தத்தம் லேசரைப் போட்டு, ஒரே இழையில் நிலையத்துக்குப் பேச வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஸ்ப்ளிட்டரில் இரண்டும் குழம்பிவிடும். அதனால் நிலையம் ஒவ்வொரு பெட்டிக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்குகிறது. அந்த நேரம் மைக்ரோ விநாடிக் கணக்கில் அளக்கப்படுவது. ஒளி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ விநாடி ஆகிறது. ஒரு வீடு 2 கிலோமீட்டரில் இருக்கும், இன்னொன்று 15 கிலோமீட்டரில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் நிலையம் அளந்து, எவ்வளவு தாமதித்துப் பேச வேண்டும் என்று தனித்தனியே சொல்லிவைக்கிறது. ஒரே ஒரு பெட்டி பழுதாகி, முறை தவறி லேசரை எரியவிட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கிளையில் உள்ள அத்தனை வீடுகளும் ஊமையாகிவிடும்.

தங்கள் பெட்டியைத்தான் வைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லும்போது, இந்த ஒரு காரணத்தை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒளியை மின்குறியாக மாற்றும் இந்தப் பகுதிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் தெருவின் ஓர் உறுப்பு. நிலையம் அதை அடையாளம் காண்பது அதன் சீரியல் எண்ணை வைத்து. பதிவில் இல்லாத பெட்டியைக் கடையில் வாங்கிச் செருகினால் இணைப்பு கிடைக்காது. ஜெர்மனியில் இதையும் வாடிக்கையாளரே வாங்கி, அதன் எண்ணை நிறுவனத்திடம் பதிந்துகொள்ள முடியும். நம் ஊரில் அதற்குப் போராட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஓ.என்.டி. அவர்களுடையதாகவே இருக்கட்டும். அதன் மறுபக்கத்தில் லான் போர்ட் இருக்கிறதே, அங்கிருந்துதான் வீடு தொடங்குகிறது.

அந்தப் பக்கத்தில் நடக்கும் வேலைகளில் ரவுட்டிங் ஒன்று. வீட்டில் உள்ள போன், டி.வி., லேப்டாப் அனைத்துக்கும் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் எண்களைக் கொடுத்து, வெளியே போகும்போது எல்லாவற்றையும் ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் நிறுத்துவது ரவுட்டரின் வேலை. ஐ.பி.யின் 4ஆம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. உலக அளவில் அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் பல நிறுவனங்கள் வீட்டுக்கு வெளியேயும் இதே உத்தியைக் கையாண்டு, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு பொது எண்ணின் பின்னால் வைத்திருக்கின்றன. உங்கள் ரவுட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த எண் 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஊருக்குப் போன இடத்திலிருந்து வீட்டு சி.சி.டி.வி.யை நேரடியாகத் திறக்க முடியவில்லை என்று பலர் புது ரவுட்டர் வாங்குகிறார்கள். காரணம் இதுவானால், எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டராலும் அது தீராது. நிறுவனத்திடம் நிலையான பொது எண் கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐ.பி. 6ஆம் பதிப்பு வழியாக முயல வேண்டும்.

வைஃபை இன்னொன்று. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெட் ஸ்லோ என்ற புகார்களில் பெரும்பங்கு, ஃபைபர் நுழைந்த இடத்திலேயே பெட்டியையும் மாட்டியதால் வருவது. ஃபைபர் வாசல் ஓரமாக நுழையும். பெட்டி வாசல் பக்கத்து மூலையில் பரணுக்குப் பக்கத்தில் தொங்கும். படுக்கையறைக்கும் அதற்கும் இடையே இரண்டு கான்கிரீட் சுவர் நிற்கும். ரவுட்டர் தனியாக இருந்தால், ஓ.என்.டி.யை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு லான் கேபிளை இழுத்து ரவுட்டரை வீட்டின் நடுவில் வைத்துக்கொள்ளலாம். இது ஒன்றுக்காகவே பிரிப்பது தகும்.

வெளியே தெரியாத இன்னொரு வேலையும் அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது. டி.ஆர்-069 என்ற நெறிமுறை 2004இல் வெளியானது. நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே லட்சக்கணக்கான பெட்டிகளை நிர்வகிக்க அது வழி செய்கிறது: மென்பொருளைப் புதுப்பிப்பது, செட்டிங்ஸை மாற்றுவது, வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தருவது, வீட்டில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலைப் பார்ப்பது. போனில் புகார் சொன்னதும் ஆள் வராமலே சரியாவது இதனால்தான். பலருக்கு இது உண்மையான உதவி. ஆனால் பூட்டு நம் வீட்டில் இருக்க, சாவி வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு என்ன விலை என்பதை, சட்டம் வந்த அதே ஆண்டில் அதே ஜெர்மனி பார்த்தது.

2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு தடுமாறத் தொடங்கியது. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, தொலை நிர்வாகத்துக்கான 7547 என்ற போர்ட்டை இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த கருவிகளில் புகுந்து அவற்றைத் தன் படையில் சேர்ப்பது அதன் நோக்கம். ஜெர்மனியின் அந்த ரவுட்டர்களுக்குள் அதனால் புக முடியவில்லை. தட்டிய தட்டிலேயே அவை நிலைகுலைந்து விழுந்தன. இணையம் மட்டுமின்றி, அதே பெட்டி வழியாக வந்துகொண்டிருந்த தொலைபேசியும் தொலைக்காட்சியும் போயின. இதைச் செய்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு அடுத்த ஆண்டு கொலோன் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரிப் பெட்டிகள், ஒரே மாதிரி மென்பொருள், ஒரே வழியில் வெளியுலகுக்குத் திறந்த கதவு என்று இருந்ததுதான் அன்று சேதத்தைப் பெருக்கியது.

எல்லாவற்றையும்விட, சொந்த ரவுட்டர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் வரிசை. இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இணையம் தன் முதல் பெரிய நெரிசலைச் சந்தித்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்தத் தடத்தில் வேகம் 40 பிட்டாக விழுந்தது. ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் அதன் காரணத்தைத் தேடி, 1988இல் தீர்வை வெளியிட்டார். அனுப்பும் கணினி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்ட வேண்டும். எங்காவது ஒரு பொட்டலம் (தரவின் ஒரு சிறு துண்டு) தொலைந்தால், பாதை நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்றும் உலகின் பெரும்பாலான தரவு ஏறக்குறைய இந்த ஒழுக்கத்தில்தான் நகர்கிறது. அதாவது, ஒரு பொட்டலம் தொலைவது பழுதாகாது. அது அனுப்புநருக்குப் போகும் செய்தி.

பின்னாளில் மெமரி விலை மலிந்தது. பொட்டலம் தொலைவது குறை என்று நினைத்த தயாரிப்பாளர்கள், ரவுட்டர்களிலும் மோடங்களிலும் பெரிய பெரிய காத்திருப்புக் கிடங்குகளை வைத்தார்கள். விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மேலேற்றும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட். பெட்டிக்குள் 2.5 மெகாபைட் கிடங்கு. போன், கல்யாணப் படங்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. எதுவும் தொலையாததால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய்க் கிடங்கை நிரப்பிவிடுகிறது. 2.5 மெகாபைட் என்பது 20 மெகாபிட். அது காலியாக ஒரு முழு விநாடி ஆகும். அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசும் அம்மாவின் ஒவ்வொரு சொல்லும் இந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 20 மெகாபிட் முழுதாகக் காட்டும். பேச்சு மட்டும் வெட்டி வெட்டி வரும். கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுங்கள் என்று கஸ்டமர் கேர் சொல்லும்.

2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது இதைப் பிடித்தார். தாமதம் ஒரு விநாடியைத் தாண்டியதைப் பார்த்து, தோண்டத் தொடங்கி, உலகம் முழுக்க இதே நோய் என்று கண்டார். பஃபர்ப்ளோட் என்று பெயர் பரவியது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் சேர்ந்து கோடல் என்ற தீர்வைத் தந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குமேல் போய், 100 மில்லி விநாடி கழிந்தும் குறையாமல் இருந்தால், ஒரு பொட்டலத்தை எறிந்துவிடுகிறது. அனுப்புநர் செய்தியைப் புரிந்துகொண்டு வேகத்தைத் தளர்த்துகிறார். இதோடு, ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கும் முறையும் சேர்ந்து அதே ஆண்டு லினக்ஸுக்குள் வந்தது. அம்மாவின் பேச்சு படங்களின் பின்னால் நிற்காமல் தன் வரிசையில் முதலாவதாகப் போய்விடும். இந்த நிரல்களை வீட்டு ரவுட்டர்களுக்குக் கொண்டு சேர்ப்பதற்காகவே பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்தவர் டேவ் டாட். அவர் 2025 ஏப்ரலில் காலமானார். தடங்கலின்றி ஒரு வீடியோ கால் பேசி முடிக்கும் எத்தனையோ குடும்பங்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வரிசை எங்கே உருவாகிறதோ அங்கேதான் அதைச் சீர்செய்ய முடியும். வரிசை நிறுவனத்தின் பெட்டிக்குள் உருவானால் நமக்கு அங்கே நுழைவு இல்லை. சொந்த ரவுட்டரில் வேகத்தை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாகக் கட்டிவைத்துவிட்டால், நெருக்கடி அந்தப் பெட்டியை எட்டுவதற்கு முன்பே, நம் ரவுட்டருக்குள் வந்துவிடும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து வரிசையை நம் கைக்குக் கொண்டுவருகிறோம். எனக்குத் தெரிந்து வீட்டு இணையத்தில் இதைவிட லாபமான பண்டமாற்று இல்லை.

இந்த வசதியை இலவசமாகத் தரும் மென்பொருள் ஓப்பன்டபிள்யூஆர்டி. அதன் பிறப்பும் பெட்டி யாருடையது என்ற கேள்வியிலிருந்துதான். 2002 இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி, பொருளை விற்பவர் அதன் மூலநிரலையும் தர வேண்டும். அழுத்தம் வலுத்து, அதற்குள் லிங்க்ஸிஸை வாங்கியிருந்த சிஸ்கோ அந்த ஆண்டு ஜூலையில் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடல்களில் அதை ஏற்றலாம். வாங்கும் முன் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் வன்பொருள் பதிப்பு எண் இருக்கும். அதே பெயர், அதே தோற்றம் இருந்தும் உள்ளே சிப் மாறியிருக்கலாம். டபிள்யூஆர்டி54ஜியிலேயே 5ஆம் பதிப்பில் மெமரியைப் பாதியாக்கி, லினக்ஸையும் எடுத்துவிட்டார்கள்.

சரி, மாற்றுவது எப்படி? முதலில் பழைய பெட்டியின் பக்கத்தை உலாவியில் திறந்து, வேன் (வெளி இணைப்பு) பிரிவில் உள்ள எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.பி.ஓ.ஈ. என்ற லாகின் முறை இருந்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்ட் புள்ளிகளாகத்தான் தெரியும், நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருக்கும். வி-லான் எண் ஒன்று இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஓ.என்.டி.யை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அது ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு, ஒளியை மின்குறியாக மாற்றுவதை மட்டும் செய்யும். பெட்டியில் தொலைபேசி இணைத்திருந்தால் அது தொடர்ந்து இயங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஓ.என்.டி.யின் முதல் லான் போர்ட்டிலிருந்து புது ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு ஒரு கேபிள். பச்சை முனை கொண்ட மெல்லிய ஃபைபர் கயிற்றை மட்டும் கழற்றாதீர்கள். அதன் நுனி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்ட கண்ணாடி; ஒரு விரல் ரேகை போதும் சிக்னலைக் கெடுக்க. அதற்குள் இருக்கும் லேசர் கண்ணுக்குத் தெரியாதது என்பதால் எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் தாமே வந்து ஒட்டிக்கொள்ளும்.

உடனே லாகின் ஆகவில்லை என்றால் பதற வேண்டாம். பழைய பெட்டியின் இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நிறுவனத்தின் சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். சில நிமிடம் பொறுத்தால் விட்டுவிடும். அப்போதும் மறுத்தால், சர்வர் பழைய பெட்டியின் மேக் எண்ணை (அதன் வன்பொருள் அடையாள எண்ணை) பிடித்துவைத்திருக்கிறது. அதை நீக்கச் சொல்லலாம், அல்லது அதே எண்ணைப் புது ரவுட்டருக்குக் கொடுத்துவிடலாம். சில தளங்கள் மட்டும் திறக்காமல் தொங்கினால், எம்.டி.யு. (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா பாருங்கள். வழக்கமான 1500 பைட்டில் 8 பைட்டை பி.பி.பி.ஓ.ஈ. தன் தலைப்புக்காக எடுத்துக்கொள்கிறது.

பிரிட்ஜ் மோடெல்லாம் கிடையாது என்று அவர்கள் கைவிரித்தாலும் வழி இருக்கிறது. பழைய பெட்டியை அப்படியே ஓடவிட்டு, அதன் வைஃபையை அணைத்து, பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டி, உள்ளே 192.168.50 என்பது போல வேறு எண் வரிசை கொடுங்கள். இரட்டை முகவரி மாற்றம் நடக்கும். சில ஆன்லைன் விளையாட்டுகளும் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புகளும் தவிர வேறெதற்கும் அது தெரியாது. வரிசைக் கட்டுப்பாடு அப்படியே வேலை செய்யும். உங்கள் வீட்டுக் கருவிகளின் பட்டியலும் அவர்களுக்குத் தெரியாது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

புதுப் பொறுப்பும் வரும். மென்பொருள் புதுப்பிப்பை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும், நிர்வாகப் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். அதற்கு மனமோ நேரமோ இல்லாதவர்கள் பழைய பெட்டியோடு இருப்பதே மேல். பவர் கட்டுக்கு யு.பி.எஸ். வைத்திருந்தால் இரண்டு பெட்டியும் அதில் இருக்க வேண்டும்.

இணைப்பு போனால் முதலில் ஓ.என்.டி.யின் விளக்கைப் பாருங்கள். சிவப்பு மினுக்கினால் தெருவில் எங்கோ ஒளி அறுந்திருக்கிறது, லைன்மேனைக் கூப்பிடலாம். பச்சை நிலையாக எரிந்தால் ஒரு லேப்டாப்பை நேராக ஓ.என்.டி.யில் செருகி, அதிலேயே லாகின் செய்து பாருங்கள். நெட் வந்தால் கோளாறு உங்கள் ரவுட்டரில். வராவிட்டால், வீட்டில் எதையும் கழற்றச் சொல்லாமல் அவர்கள் தங்கள் சர்வரைப் பார்க்க வேண்டும். அதைப் போனிலேயே தைரியமாகச் சொல்லலாம்.